எட்டாவது வாரத்துப் பாதங்கள்

துனிஸில் மழை. ஜன்னலில்லாத இந்த அறைக்குள்
அது வஹீதாவின் ஈரக் குடையாகத்தான் வந்து சேர்கிறது.
செவ்வாய்க்கிழமை. எட்டாவது வாரம்.
அளவியை மூடிப் பூஜ்ஜியம் பார்த்துக்கொள்கிறேன்.

கறுப்பு எலி, காதில் ஒரு துளை: இரண்டு புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
கறுப்பு, இரண்டு துளை: இரண்டு புள்ளி இரண்டு.
போன மாதம் வீங்கியிருந்த பாதம்தான்.
இப்போது ஊறிய பட்டாணித் தோல்போல
ஒரு சுருக்கம் மட்டும்.

வெள்ளை, ஒரு துளை: ஐந்து புள்ளி ஒன்று.
வெள்ளை, இரண்டு துளை:
அளவி தொடுமுன்னே காலை இழுத்துக்கொள்கிறது.
எண் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு போடுகிறேன்.

ஒரே குப்பியிலிருந்து எடுத்த லீஷ்மேனியா,
ஒரே தீனி, ஒரே மரத்தூள்,
விளக்கணைத்து நாங்கள் செய்துதரும் ஒரே இரவு.

வெள்ளை எலி சும்மா கிடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.
அது கூவியது. முதல் நாளே கூவியது.
இன்டர்லூக்கின் நான்கு, நான்கு, நான்கு என்று
உடம்பின் தெருவெல்லாம் தண்டோரா.
படை திரண்டது, ஆயுதம் பளபளத்தது,
அத்தனையும் குடலில் நெளியும் புழுவுக்குத் தோதானவை.
திருடனோ காவல்காரனின் சட்டைக்குள்
பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்,
இரண்டாகி, நான்காகி, எட்டாகி.

கறுப்பு எலிக்குள் வேறு சொல் ஓடியது.
காமா இன்டர்ஃபெரான்.
அதைக் கேட்ட காவல் செல்
தன் வயிற்றுக்குள்ளேயே நைட்ரிக் ஆக்சைடை மூட்டியது.
அவ்வளவுதான். வீரம் என்று ஒன்றும் இல்லை.

மூன்றாவது கூண்டிலும் வெள்ளைகள்.
தொற்றிய அன்றே அந்த நான்கின் வாயைப் பொத்த
எதிர்ப்பொருள் போட்டவை. இரண்டு புள்ளி நான்கு.
நான்காவது கூண்டுக்கும் அதே மருந்து, அதே அளவு,
மூன்று வாரம் தள்ளி.
தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.
ஐந்து புள்ளி மூன்று. ஐந்து புள்ளி ஆறு.

எதிர் அறையில் வஹீதா குடற்புழு வளர்க்கிறாள்.
அங்கே கறுப்புகள் மாதக்கணக்கில் புழு சுமக்கின்றன.
வெள்ளைகள் அதே நான்கைக் கூவி
சீக்கிரமே வெளியே தள்ளிவிடுகின்றன.
"உன் வகுப்பில் ஃபெயிலானவைதான்
என் வகுப்பில் முதல் ரேங்க்" என்பாள்,
குடையை உதறியபடி.

எங்கள் வீடு சிடி பூஸித் பக்கம்.
ஆகஸ்டில் மொட்டைமாடியில் படுப்போம்,
நானும் தம்பி லஸாதும், ஒரே போர்வை.
மணல் ஈ ஆள் பார்த்துக் கடிக்கவில்லை.
எனக்கு முழங்கையில் ஒரு புண்,
நான்கு மாதத்தில் காய்ந்து காசு அளவுக்குத் தழும்பு.
அவனுக்குக் கன்னம், காதுமடல், இரண்டு முட்டி.
இரண்டு குளிர்காலம்.

கழுவாத பிள்ளை என்று
பள்ளியில் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள்.
அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள்,
புண் திறந்து ரத்தம் வரும்வரை.
நானும் நம்பினேன்.
இரவில் போர்வையை என் பக்கமாக
மெல்ல இழுத்துக்கொள்வேன்.

அவனுக்குள் அன்று எந்தச் சொல் ஓடியதென்று
எனக்குத் தெரியாது. யாரும் அளந்து பார்க்கவில்லை.
மனிதரில் ஒவ்வொருவரும்
ஒரே ஒரு எலி உள்ள கூண்டு.

வெள்ளை, இரண்டு துளை: பாதம் வெடித்துவிட்டது.
விதிப்படி இதற்குமேல் வைத்திருக்கக் கூடாது.
பெட்டியில் வைத்து வாயுவைத் திறக்கிறேன்.
மூடிமேல் கை வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.
வைத்திருக்கிறேன்.

ஸ்ஃபாக்ஸில் வேன் ஓட்டுகிறான் லஸாத்.
வீடியோவில் பேசும்போது
இடது கன்னம் திரைக்கு வெளியே இருக்கும்படி உட்காருவான்.
இன்று ராத்திரி கூப்பிட வேண்டும்.
இன்டர்லூக்கினைப் பற்றி அல்ல.
அந்தப் போர்வையைப் பற்றி.